சப்பையான வில்லனைச் சரிசெய்வது எப்படி? காமிக்ஸ் வரைபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டு மலையில் ஒரு குகை. குகைக்குள் ஓர் ஆய்வுக்கூடம். அங்கே ஊதா அங்கியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு டாக்டர். மூன்றாம் பக்கத்தில் இரண்டு கைகளையும் தூக்கி, "சேலத்தைச் சாம்பலாக்குவேன், ஹா ஹா ஹா!" என்கிறார். பன்னிரண்டாம் பக்கத்தில் ஹீரோ கதவை உடைத்துக்கொண்டு வருகிறான். பதினாறாம் பக்கத்தில் டாக்டர் மலையிலிருந்து விழுந்து சாகிறார்.

என் அக்கா மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு நோட்டில் வரைந்த கதை இது. ஓவியம் அருமை. கொண்டை ஊசி வளைவுகளை மேலிருந்து பார்க்கிற மாதிரி அவன் போட்டிருந்த முழுப்பக்கக் காட்சியை இன்னும் என் போனில் வைத்திருக்கிறேன். வில்லன்தான் சப்பை. அது அவனுக்கே தெரிந்திருந்தது. "எங்க தப்புன்னு தெரியல மாமா, படிச்சா பயமே வரல" என்றான்.

அந்த மே மாதம் முழுக்க, சேலத்தில் குகை என்று பெயர் கொண்ட பகுதியில் இருக்கும் அக்கா வீட்டு மொட்டை மாடியில், வெயில் தாழ்ந்த பிறகு நாங்கள் இருவரும் அந்த டாக்டரைப் பிரித்துப் போட்டு வேறொரு ஆளைக் கட்டினோம். அந்த வேலையில் நான் கற்றதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வில்லன் இருக்கும் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு வில்லன் எவ்வளவு கொடுமை செய்கிறான் என்பதற்கும் அவன் எவ்வளவு நன்றாகப் படைக்கப்பட்டிருக்கிறான் என்பதற்கும் தொடர்பே இல்லை. ஊரையே எரிப்பவன் சப்பையாக இருக்கலாம். ஒரு குழந்தையின் கொலுசை மட்டும் கழற்றுபவன் நம் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

படி 1: ஹீரோவை ஒரு வாரம் ஊருக்கு அனுப்புங்கள்

உங்கள் ஹீரோ ஊரில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு செவ்வாய்க்கிழமை. வில்லன் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறான்? டீ எங்கே குடிக்கிறான்? யாருக்குப் பணம் தர வேண்டும், யார் அவனுக்குத் தர வேண்டும்? மதியம் யாரோடு சாப்பிடுகிறான்? ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். ஹீரோவின் பெயர் அந்தப் பக்கத்தில் வரவே கூடாது.

எங்கள் டாக்டருக்கு இதை எழுத உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் பேனா இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டது. "எந்திரிப்பாரு, லேபுக்குப் போவாரு, ஹீரோ வர்ற வரைக்கும் காத்திருப்பாரு." தப்பு எங்கே என்று அவன் தேடிக்கொண்டிருந்ததற்கு இதுதான் விடை. அந்த டாக்டருக்கென்று ஒரு வாழ்க்கை கிடையாது. அடி வாங்குவதற்காக மட்டும் கதைக்குள் நிற்கிறார். மோசமாகப் படைக்கப்பட்ட வில்லன்கள் எல்லோரிடமும் நான் கண்ட அடிப்படைக் கோளாறு இதுவே. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

நம் காமிக்ஸ் வரலாற்றிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழ் வந்தபோது அதில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிரிட்டிஷ் வார இதழில் 1962-ல் பிறந்த பாத்திரம். நம் வீடுகளில் மூன்று தலைமுறை அவரை ஹீரோவாகக் கொண்டாடியிருக்கிறது. ஆனால் மூலத்தில் அவருடைய முதல் கதையில் அவர் ஹீரோ இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறையும் சக்தி கிடைத்ததும் பணத்தாசை பிடித்துக் குற்றங்களில் இறங்குகிறார். 1965-ல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் பாத்திரமான ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் வேறு) அப்படித்தான். பூட்டு உடைப்பவன் ஒருவனையும் விஞ்ஞானி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, குற்ற உலகுக்கே சக்கரவர்த்தியாக வேண்டும் என்று கிளம்பியவர். இருவரும் பின்னால் நல்ல பக்கம் வந்தார்கள். வர முடிந்ததற்குக் காரணம், வில்லனாக இருந்தபோதே அவர்களுக்குச் சொந்தமாக ஒரு தேவை இருந்தது, சொந்தமாக ஒரு திட்டம் இருந்தது. எதிரே ஹீரோ இல்லாமலேயே ஒரு தொடரைத் தாங்கினார்கள். உங்கள் வில்லனால் தனியாக நான்கு பக்கமாவது தாங்க முடியுமா என்று பாருங்கள்.

படி 2: ஆசையைக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருக்குங்கள்

"சேலத்தை அழித்துவிட்டு டாக்டர் எங்கே குடியிருப்பார்?" என்று கேட்டேன். மாப்பிள்ளை யோசித்துவிட்டு, "ஏற்காட்டுலயே இருப்பாரு" என்றான். பால் எங்கிருந்து வரும்? குகைக்குக் கரண்ட் எங்கிருந்து வரும்? உலகை அழிப்பது, உலகை ஆள்வது என்பதெல்லாம் ஆசையின் பெயர்ப்பலகைகள். உள்ளே சரக்கு இருக்காது. வாசகனால் அவற்றைத் தொட்டுப் பார்க்க முடியாது.

இதில் பெரியவர்களே தடுமாறியிருக்கிறார்கள். சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் 1940 முதல் இருப்பவன். அவனுக்கு ஏன் அவ்வளவு பகை என்பதற்கு 1960-ல் ஒரு கதை காரணம் சொன்னது. சிறுவயது சூப்பர்மேன் ஆய்வுக்கூடத் தீயை அணைக்கப் போக, அதில் கிளம்பிய ரசாயனப் புகையில் லூதரின் தலைமுடி உதிர்ந்துவிட்டதாம். அவன் உருவாக்கிய செயற்கை உயிர் ஒன்றும் அப்போது அழிந்தது. அதுதான் உண்மையான இழப்பு. ஆனால் மொட்டைத் தலைதான் வாசகர் நினைவில் நின்றது. முடி போனதற்காக உலகையே எதிர்ப்பவன் என்ற பெயர் லூதருக்கு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டது. 1986-ல் அவனைத் திருத்தி எழுதினார்கள். இந்த முறை அவன் பெரிய முதலாளி. அந்த நகரமே அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஒருநாள் வானத்தில் ஒருவன் பறந்தான், எல்லோரும் அவனை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார்கள். இந்தப் பொறாமை நம் தெருவில் இருக்கிறது, நம் அலுவலகத்தில் இருக்கிறது. படித்தவுடனே புரிகிறது.

எங்களுக்கு ஒரு ஆசை வேண்டியிருந்தது. மாடியில் உட்கார்ந்து யோசித்தால் வராது என்று மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்தேன். சேலத்தில் வெள்ளிக் கொலுசு ஒரே கூரையின் கீழே செய்யப்படும் பொருள் இல்லை. ஒரு வீட்டில் கம்பி, இன்னொரு வீட்டில் வளையம் கோர்ப்பது, வேறொரு பட்டறையில் பற்றவைப்பது, அப்புறம் சலங்கை வைப்பது, மெருகு போடுவது என்று பல கை மாறித்தான் ஒரு ஜோடி கடைக்குப் போகிறது. பலர் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள். முன்பணம் அடையாமல் பட்டறை மாற முடியாது.

ஒரு பட்டறை வாசலில் ஒரு பெரியவர் இரண்டு கொலுசை மாறி மாறிக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அங்கேயே நின்றுவிட்டான். திரும்பி வரும்போது அவனே சொன்னான்: "மாமா, தான் செஞ்ச ஒவ்வொரு கொலுசு சத்தமும் தனித்தனியா ஞாபகம் இருக்கற ஆளு. அந்தக் கொலுசு ஊர்ல எங்க ஆடுனாலும் அவருக்குக் கேக்கும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. வில்லன் கிடைத்துவிட்டான். ஊரார் அவனை ஓசைக்காரர் என்று அழைக்கிறார்கள். அவன் முன்பணம் கொடுக்கிறான். வாங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே ஒரு ஜோடிக் கொலுசு செய்து இலவசமாகப் போட்டுவிடுகிறான். கடனை விட்டுவிட்டு இரவோடு இரவாக யாராவது ஊரைவிட்டுக் கிளம்பினால் அந்தக் குழந்தையின் காலே காட்டிக்கொடுத்துவிடும். அவனுடைய ஆசை ஒன்றே ஒன்று: தன்னிடம் வேலை செய்கிற யாரும் தன்னை விட்டுப் போகக்கூடாது. சேலம் அவனுக்கு வேண்டாம், உலகமும் வேண்டாம்.

உங்கள் வில்லனின் ஆசையையும் இப்படி ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். அந்த வரியில் ஒரு ஆளோ பொருளோ இடமோ இருக்க வேண்டும். "அதிகாரம்", "பழி", "அழிவு" போன்ற சொற்கள் மட்டும் இருந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

படி 3: அவன் பக்கத்து நியாயத்தை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள்

தன்னைக் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் காலையில் எழுவதில்லை. ஆனால் பழைய காமிக்ஸ் வில்லன்கள் பலர் அப்படித்தான் எழுந்தார்கள். பிறவியிலேயே அதிசய சக்தி கொண்ட இனத்தைப் பற்றிய எக்ஸ்-மென் கதைகளின் வில்லன் மேக்னெட்டோ 1963-ல் வந்தபோது, அடுத்த ஆண்டே ஒரு கூட்டம் சேர்த்து அதன் பெயரிலேயே "தீய" என்ற சொல்லை வைத்தான். எந்த இயக்கம் தன் பேனரில் "நாங்கள் அயோக்கியர்கள்" என்று எழுதும்? 1981-ல்தான் அவனுடைய சிறுவயது நாஜி வதைமுகாமில் கழிந்தது என்று கதை சொன்னது. அதற்குப் பிறகு, "எங்கள் இனத்தை அழிக்க வரும் முன் நாங்கள் முந்திக்கொள்கிறோம்" என்று அவன் சொன்னால் உடனே பதில் சொல்ல முடியாமல் போயிற்று.

அந்தக் காலத்து வில்லன்கள் இவ்வளவு வெறுமையாக இருந்ததற்கு எழுதியவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. அமெரிக்காவில் 1954-ல் பதிப்பகங்கள் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை ஏற்படுத்திக்கொண்டன. குற்றவாளி மேல் அனுதாபம் வரும்படி குற்றத்தைக் காட்டக்கூடாது, எல்லாக் கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும் என்பவை அதில் முக்கியமான விதிகள். அனுதாபமே கூடாது என்றால் வில்லனின் மனசுக்குள் எப்படிப் போவது? வெளிவேஷம் மட்டும்தான் மிஞ்சும். அந்த ஏற்பாடு மெல்ல மெல்லத் தளர்ந்து, 2011-ல் கடைசிப் பதிப்பகங்களும் விலகின. நமக்கு அப்படி ஒரு கட்டு கிடையாது. ஆனாலும் அந்தக் கட்டுக்குள் பிறந்த கதைகளைப் படித்து வளர்ந்ததால், நம் கையும் அதே வெறும் வில்லனைத்தான் முதலில் வரைகிறது.

நம்மிடம் அதைவிடப் பழைய பள்ளிக்கூடம் இருக்கிறது. சேலம், தருமபுரி பக்கத்துத் தெருக்கூத்தில் துரியோதனன் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? திரைக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்து, கிரீடமும் புஜக்கட்டையும் மினுங்க வெளியே வருவான். சபையில் உட்கார்ந்து தன் உரிமையைப் பேசுவான். விடிய விடிய அவன் செய்த அநியாயத்தைப் பார்த்த அதே ஊர்தான், படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய அவன் உருவத்தின் முன் ஒப்பாரியையும் கேட்கிறது. அவன் தோற்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவன் ஒரு ஆள் என்பதிலும் சந்தேகமில்லை.

பயிற்சி இது: வில்லன் ஹீரோவின் அம்மாவிடம் தன் தரப்பைச் சொல்வதாக ஒரு பக்கம் எழுதுங்கள். அந்த அம்மா பாதியாவது தலையாட்ட வேண்டும். எங்கள் ஓசைக்காரர் பேசியது இது: "பஞ்சு விலை ஏறி தறி நின்னப்ப யாரு சோறு போட்டது? நான். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பாதி ராத்திரியில யாரு கதவத் தட்டுனீங்க? என்னோடத. இப்ப சொல்லாம கொள்ளாம திருப்பூர் பஸ் ஏறுனா, அதுக்குப் பேரு என்னம்மா?" மாப்பிள்ளை இதைப் படித்துக் காட்டியபோது என் அக்கா, "அவரு கேக்கறதும் நாயந்தானே" என்றாள். அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு மூன்று பேரும் தட்டுவடை செட் சாப்பிடப் போனோம்.

படி 4: சோகக் கதையை மருந்து மாதிரிப் பயன்படுத்துங்கள்

வில்லனுக்கு மனசு வேண்டும் என்றவுடன் எல்லோரும் பின்கதைக்கு ஓடுகிறார்கள். சிறுவயதில் அடித்தார்கள், அம்மா இறந்தாள், அதனால் அவன் ஊரை வெறுக்கிறான். இது வேலை செய்வது அபூர்வம். கடந்த காலத்துச் சோகம் இன்றைய செயலோடு நேராக இணைந்திருந்தால் மட்டுமே அதற்கு மதிப்பு.

இணைந்த உதாரணம், பேட்மேனின் எதிரி மிஸ்டர் ஃப்ரீஸ். 1959-ல் வேறு பெயரில் வந்தபோது அவன் வெறும் ஐஸ் துப்பாக்கிக்காரன். குளிர் உடையில்லாமல் உயிர்வாழ முடியாத திருடன், அவ்வளவுதான். 1992-ல் தொலைக்காட்சி கார்ட்டூன் தொடர் ஒன்று அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தது. தீராத நோய், மருந்து கிடைக்கும்வரை அவளைக் குளிரில் உறைய வைத்துக் காப்பாற்றப் பார்த்தவன், அந்த முயற்சியைத் தடுத்தவனைப் பழிவாங்கத் திரிகிறான். துப்பாக்கி அதே, உடை அதே. குளிருக்கு மட்டும் ஒரு அர்த்தம் வந்துவிட்டது. அதன்பின் அவன் சாதாரணத் திருடனாகத் தெரியவில்லை.

ஜோக்கரைக் காட்டி, "அவனுக்கு எந்தக் காரணமும் இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. 1940-ல் வந்த முதல் இதழிலேயே அவனைக் கொன்றுவிடுவதாக இருந்தது. ஆசிரியர் ஒருவர் தடுத்ததால் பிழைத்தான். அவனுக்குக் காரணம் இல்லாவிட்டாலும் பேட்மேனோடு மிக இறுக்கமான உறவு இருக்கிறது: எல்லாவற்றையும் கட்டுக்குள் வைக்கிறவனுக்கு எதிரே எதையும் கட்டுக்குள் விடாதவன். அந்த உறவு இல்லாமல் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள்தான் ஆயிரம் போலி ஜோக்கர்களை வரைந்தார்கள். புதிதாக எழுதுபவர்கள் இந்த வழியில் போக வேண்டாம் என்பது என் கருத்து.

ஓசைக்காரருக்கு நாங்கள் பின்கதை வைக்கவில்லை. அவன் வீட்டுச் சுவரில், யாரும் போட்டுக்கொள்ளாத ஒரு சின்னக் கொலுசு ஆணியில் தொங்குகிறது. ஒரே ஒரு கட்டம். விளக்கம் கிடையாது.

படி 5: சக்திக்கு விலையும் எல்லையும் வையுங்கள்

எல்லாம் செய்ய முடிந்த வில்லன் இருந்தால், அவன் தோற்பது எழுதியவரின் தயவால் மட்டுமே நடக்கும். வாசகன் அதை மன்னிக்க மாட்டான். இரும்புக்கை மாயாவியையே மறுபடி பாருங்கள். மறைவதற்கு அவருக்கு மின்சாரம் பாய வேண்டும். மறைந்தாலும் அந்த இரும்புக்கை தெரியும். இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு எத்தனை கதைகள் ஓடின!

நாங்கள் ஓசைக்காரரின் விதிகளைச் சுவரில் ஒட்டினோம். தன் கையால் செய்த கொலுசு மட்டுமே அவனுக்குக் கேட்கும். கொலுசு அசைந்தால்தான் கேட்கும், தூங்கும் குழந்தை அவனுக்கு இல்லாத குழந்தை. அமைதியில் காது கூர்மையாகும், இரைச்சலில் மங்கும். அதனால் ஏற்காட்டுக் குளிர் இரவு அவனுக்குப் பலம். இதற்கு உண்மையான காரணமும் உண்டு. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருக்கும்போது, மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து கீழே திரும்பும், நெடுந்தூரம் கேட்கும். எதிர்ப்பக்கம், அம்மாப்பேட்டை விசைத்தறித் தெரு அவனுக்குப் பாழ்வெளி. அங்கே போனால் குருடன் மாதிரி ஆகிவிடுகிறான்.

பாருங்கள், விதிகளை எழுதியவுடன் கதை நடக்கிற இடங்கள் தாமாகவே அமைந்துவிட்டன. குகையும் ஆய்வுக்கூடமும் தேவைப்படவே இல்லை.

படி 6: ஹீரோவை அவனுக்கு எதிர்க்கண்ணாடியாக நிறுத்துங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். வில்லன் எந்த விஷயத்தில் அதிகமோ, அதே விஷயத்தில் ஹீரோ வேறு மாதிரி இருக்க வேண்டும். எங்கள் பழைய ஹீரோ ஜிம் உடம்புக்காரன். ஓசைக்காரருக்கு எதிரே அவனுக்கு வேலையே இல்லை. அவனை எடுத்துவிட்டு, தறி வீட்டில் வளர்ந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தோம். வருஷக்கணக்காகத் தறிச் சத்தத்திலேயே இருந்ததால் காது மந்தமானவள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். தறியில் ஓடும் நாடாவைப் போல இங்கும் அங்கும் ஓடுவதால் அவள் பெயர் நாடா. எல்லாம் கேட்கிறவனுக்கும் எதுவும் கேட்காதவளுக்கும் சண்டை. இனி அவன் வேறு யாரோடும் மோத முடியாது, அவளும்தான்.

படி 7: உடம்பையும் சாதியையும் ஊரையும் குற்றத்துக்கு அடையாளமாக்காதீர்கள்

இந்தப் படியில் மாப்பிள்ளையோடு எனக்கு வாக்குவாதமே வந்தது. வெள்ளி வியாபாரம் என்றதும், கொச்சைத் தமிழ் பேசும் ஒரு சேட்டாக ஓசைக்காரரை வரைந்து கொண்டுவந்தான். அடுத்த முறை முகம் முழுக்கத் தழும்பு, கன்னங்கரிய நிறம். அதற்கடுத்த முறை அவனுக்கு அடியாட்களாக ஏற்காட்டு மலைக்கிராமத்து மக்கள், கையில் ஈட்டியோடு.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. பார்த்த சினிமாவும் படித்த கதையும் அவன் கையில் வந்து நிற்கின்றன. அதனால்தான் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் காமிக்ஸில் 1965-ல் வொண்டர் வுமனுக்கு எதிரியாக, சீனாக்காரரைக் கேலி செய்யும் முகம் ஒட்டிய ஒரு ராட்சத முட்டையை வரைந்தார்கள். இன்று அதைப் பார்த்தால் அந்த வில்லனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வரைந்தவர்கள் யாரைக் கண்டு பயந்தார்கள் என்பதுதான் தெரிகிறது. கறுப்பு நிறம், ஊனம், தழும்பு, மனநோய், வேறு மொழி, மலைவாழ்வு என்று எதையாவது பயத்துக்குக் குறுக்குவழியாக்கினால், அந்த இடத்தில் நீங்கள் யோசிப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்று பொருள். அதோடு, அந்த ஏற்காட்டுக் கிராமத்துப் பிள்ளை ஒன்று உங்கள் புத்தகத்தைப் பிரிக்கும். அதன் முகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். வேறெதுவும் வேண்டாம், இது ஒன்றே போதும் எனக்கு.

பெயரிலும் கவனம். சாதிப் பட்டம் ஒட்டிய பெயர் வேண்டாம் என்று முடிவு செய்ததால்தான் ஓசைக்காரர் என்ற நல்ல பெயர் கிடைத்தது.

படி 8: வரையும்போது வில்லன் பக்கத்துக்குத் தனி மொழி கொடுங்கள்

ஊதா அங்கியை முதலில் கழற்றினோம். மே மாதச் சேலத்தில் அங்கி போட்டவன் மதியத்துக்குள் மயங்கி விழுவான். ஓசைக்காரருக்கு வெள்ளை வேட்டி, அரைக்கை பனியன், தோளில் துண்டு. பிறகு எப்படி அடையாளம் காண்பது? நிழலுருவச் சோதனை செய்யுங்கள்: பாத்திரத்தை முழுக்க மையால் நிரப்பி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் யார் என்று தெரிய வேண்டும். மாப்பிள்ளை பத்துப் பதினைந்து முறை வரைந்து ஒன்றைக் கண்டுபிடித்தான். ஓசைக்காரர் எப்போதும் தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து நிற்பார், காது கொடுப்பவர் போல. ஒரு கை மார்புக்கு நேரே, இரண்டு விரல் மடங்கி, கண்ணுக்குத் தெரியாத கொலுசைப் பிடித்திருக்கும். கூட்டத்தில் நின்றாலும் தெரிந்துவிடுகிறார்.

அப்புறம் ஒலி. காமிக்ஸில் ஒலியை வரைய வேண்டும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். நாங்கள் மூன்று விதிகள் வைத்தோம். ஓசைக்காரரின் கட்டங்களில் பின்னணியே இருக்காது, வெற்று வெள்ளை. நடுவில் எங்கோ ஒரு சின்ன "ஜல்". அந்தச் சொல் எவ்வளவு சிறிதோ குழந்தை அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. தறித் தெருக் கட்டங்களில் "டடக் டடக் டடக்" என்ற எழுத்து சுவர், கூரை, ஆட்கள் என எல்லாவற்றின் மேலும் ஏறி நிற்கும். நாடாவின் பார்வையில் வரும் கட்டங்களில் பேச்சுக்குமிழ் காலியாக இருக்கும். உதடுகள் மட்டும் தெளிவாக இருக்கும். பக்கத்தைப் புரட்டியவுடனே, ஒரு சொல் படிக்காமல், இது யாருடைய பக்கம் என்று தெரிந்துவிடும்.

வசனத்துக்கும் இதே கவனம் வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு குமிழில் பதினைந்து சொல்லைத் தாண்டினால் ஓவியத்தைத் தின்றுவிடும். மிரட்டல், சிரிப்பு, திட்டத்தை ஹீரோவிடம் விலாவாரியாக விளக்குவது மூன்றையும் வெட்டுங்கள். ஓசைக்காரர் குரலை உயர்த்துவதே இல்லை. ஊரைவிட்டு ஓடி, மலைப்பாதையில் ஒளிந்திருக்கும் குடும்பத்தின் முன் இருட்டிலிருந்து வந்து நிற்கிறார். அந்தச் சின்னப் பிள்ளையிடம் குனிந்து கேட்பது இரண்டே சொல்: "சாப்பிட்டியா கண்ணு?" எனக்குத் தெரிந்து அந்த நோட்டிலேயே பயங்கரமான பக்கம் அதுதான்.

படி 9: நடுவில் அவன் ஜெயிக்கட்டும், முடிவு அவன் செய்கையிலிருந்தே வரட்டும்

32 பக்கக் கதை என்றால் பதினெட்டாம் பக்கத்துக்குள் வில்லன் ஒருமுறை முழுமையாக வெல்ல வேண்டும். அவன் திட்டம் அவனுடைய புத்தியால் பலிக்க வேண்டும். எங்கள் கதையில் நாடா காப்பாற்ற முயன்ற முதல் குடும்பத்தை அவன் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறான். அடிக்கவில்லை, பூட்டவில்லை. மறுநாள் அந்த அப்பா பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார், அவ்வளவுதான்.

முடிவுக்கு நான் மாப்பிள்ளையை ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவுக்குக் கூட்டிப்போனேன். ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு நிற்கிறது. 1950-ல் அந்த நிறுவனம் எடுத்த மந்திரி குமாரியின் வில்லன் பார்த்திபனைப் பற்றி அங்கே நின்று சொன்னேன். ராஜகுருவின் மகன், இரவில் கொள்ளைக்காரன், காதலித்துக் கல்யாணம் செய்தவளையே மலையுச்சியிலிருந்து தள்ளப் பார்க்கிறான். குண்டலகேசிக் கதையிலிருந்து வந்த காட்சி. சாகும் முன் கணவனை மூன்று முறை சுற்றி வர அவள் அனுமதி கேட்கிறாள்; சுற்றும்போது பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். அவன் தேர்ந்தெடுத்த இடம், அவன் யோசித்த வழி, அதிலேயே அவன் முடிவு. எங்கள் பழைய டாக்டரும் மலையிலிருந்துதான் விழுந்தார். அவருக்குக் கால் வழுக்கியது, அவ்வளவுதான்.

ஓசைக்காரருக்கான முடிவை மாப்பிள்ளை மூன்று நாள் எடுத்துக்கொண்டு யோசித்தான். நாடா தெருத்தெருவாகப் போகிறாள். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் பிள்ளையின் கொலுசைக் கழற்றி அவள் கோணிப்பையில் போடுகிறாள். அந்தப் பையை அவள் ஏற்காட்டுக்குப் போகும் கடைசி பஸ்ஸில் பின்சீட்டுக் கம்பியில் கட்டிவிட்டு இறங்கிவிடுகிறாள். பஸ் குலுங்குகிறது. தன்னிடம் இருந்த அத்தனை குடும்பங்களும் ஒரே நேரத்தில் தன்னை விட்டு மலையேறிப் போவதாக ஓசைக்காரருக்குக் கேட்கிறது. அவர் பயந்ததே நடக்கிறது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து வண்டியை எடுக்கிறார்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு இருபது கட்டங்கள், ஒரே இரட்டைப் பக்கத்தில். மாப்பிள்ளையின் அந்தப் பழைய முழுப்பக்கக் காட்சி இங்கேதான் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் "ஜல்" பெரிதாகிக்கொண்டே போகிறது. கீழே, சேலத்தில், குடும்பங்கள் சத்தமில்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கின்றன.

முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஏரிக்கரை, பனி, ஆளில்லாத பஸ். ஓசைக்காரர் பின்சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துப் பிரிக்கிறார். பஸ் நின்றுவிட்டதால் எதுவும் ஆடவில்லை. தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறார். மாப்பிள்ளை அந்தக் கட்டத்தில் ஒலிச்சொல் எதுவும் எழுதவில்லை.